மாப்ளே, காத்து நின்னா கணக்கும் நின்னுடுமா?

மாப்ளே, உனக்கு வேலை கெடச்ச சேதி அக்கா சொல்லித்தான் தெரியும். ஆலைச் சிம்னியிலேர்ந்து கெளம்புற பொகை எந்தப் பக்கம் போவுது, எவ்ளோ தூரத்துல தரையைத் தொடுது, எவன் மூக்குல எம்மாத்திரம் ஏறுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்ற உத்தியோகமாமே! நெஞ்சு நெறஞ்சு போச்சுய்யா. மனுசன் இழுக்குற மூச்சை எண்ணுறவன் எமன் ஒருத்தன்தான்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன். அவனுக்குச் சம்பளம் உண்டான்னு தெரியல. உனக்கு உண்டு.

நம்ம பக்கத்துக்கே அறிக்கை எழுத உன் ஆபீசு வரப்போவுதுன்னும் அக்கா சொன்னா. அதான் மாமன் நாலு வார்த்தை புத்தி சொல்லலாம்னு இருக்கேன். கெழவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்னு சிரிக்காத. எம் பேத்தி எம்.எஸ்ஸி. படிக்கிறா, சுற்றுச்சூழல் பாடம். முன்ன ஒரு தடவை இங்க கருத்துக்கேட்புக் கூட்டம் வெச்சப்ப வந்த அறிக்கையை அவதான் ராத்திரி ராத்திரியா எனக்குப் படிச்சுக் காட்டினா. புரியாத பக்கத்துல தூக்கம் வந்துச்சு. புரிஞ்ச பக்கத்துல வந்த தூக்கமும் போயிடுச்சு.

மொதல்ல, கம்பெனிக்காரன் மனசு குளிர என்னென்ன செய்யணும்னு சொல்றேன், கேட்டுக்க. ஒரு எடத்துலயும் பொய் எழுத வேண்டாம். இந்த வித்தையோட அழகே அதுதான்.

காத்துலேர்ந்து ஆரம்பி. உன் சூத்திரத்துல காத்தோட வேகம் கோட்டுக்குக் கீழ நிக்குதாம். வேகம் கூடினா பொகை நீர்க்கும், கொறஞ்சா கெட்டியாவும். நியாயம்தான். வேகம் சைபர் ஆச்சுன்னா? சைபரால வகுக்கக் கூடாதுன்னு எனக்கே வாத்தியார் கையால பெரம்படி விழுந்திருக்கு. அந்த அடி உன் கம்ப்யூட்டருக்கும் விழுந்திருக்கும் போல. ஏர்மாடுன்னு ஒரு மாடல் இருக்கு இல்ல, 2005-ல அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை பழைய ஐ.எஸ்.சி. மாடலைத் தள்ளிட்டு ஏத்துக்கிட்டது, இன்னிக்கு நம்ம ஊரு அறிக்கையிலயும் தலைகாட்டுறது. காத்து அசையாத மணிநேரத்தை அது 'அமைதி'ன்னு குறிச்சு, சராசரிக் கணக்குலேர்ந்து தள்ளி வெச்சுடுது.

மார்கழி விடியக்காலம் வந்து நம்ம தெருவுல நில்லு. எலை ஆடாது. தரை குளுந்து, தரையை ஒட்டின காத்தும் குளுந்து, மேல இருக்கறது கொஞ்சம் சூடா இருக்கும். கீழ இருக்கறது மேல ஏற மாட்டேன்னு அடம் பிடிக்கும். ஒசந்த சிம்னியோட பொகை அந்நேரம் மேலயே நீளமாப் படுத்துக்கிட்டுப் போயிடும். வெயில் ஏறித் தரை சூடானதும் மொத்தமாக் கீழ எறங்கும். ஆனா தாழ்ந்த சிம்னி இருக்கு, வால்வுக் கசிவு இருக்கு, தொறந்து கெடக்குற கழிவுத் தண்ணிக் குட்டை இருக்கு. இதுங்க விடுறது ராத்திரி பூரா தரையோட தரையா எங்க கூடவே தூங்கும். எங்களுக்கு நெஞ்சு அடைக்கிற நேரம் அது. உன் கம்ப்யூட்டர் லீவு போடற நேரமும் அதுவே. அதனால ஊர்க்காரனுக்கு நீ ஒரு யோசனை சொல்லிடு: காத்து நின்னா மூச்சையும் நிறுத்தி வைங்க, காத்து கெளம்பினதும் கணக்குப்படி இழுத்துக்கலாம்னு. நல்ல கருவி வெச்சு நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்தா இந்த ஓட்டை சின்னதாவும்னு பேத்தி சொல்றா. சின்னதாக்கறது உன் வேலையான்னு கம்பெனியைக் கேட்டுட்டுச் செய்யி.

இந்தக் கணக்கோட பூர்வீகத்தையும் தெரிஞ்சுக்க. 1956 கோடையில அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாகாணத்துல, ஓ'நீல்ங்கற ஊருக்குப் பக்கத்துல ஒரு புல்வெளி. தரை பாய் விரிச்சாப்புல இருக்குமாம். அங்க கந்தக டை ஆக்சைடைப் பத்துப் பத்து நிமிஷம் தரைக்குக் கிட்டயிருந்து விட்டாங்க. 50 மீட்டர்லேர்ந்து 800 மீட்டர் வரைக்கும் அரைவட்டமா வரிசை கட்டி ஆளுயரத்துல கருவி வெச்சுப் பிடிச்சாங்க. இங்கிலாந்துக்காரர் பாஸ்குவில் 1961-ல எழுதின கணக்குக்கு அந்தப் புல்வெளி ஒரு அஸ்திவாரம். வெயில் எவ்ளோ, மேகம் எவ்ளோ, காத்து எவ்ளோன்னு மூணையும் பாத்து வானத்தை ஆறு வகையாப் பிரிச்சுட்டார் மனுசன். திண்ணையில குந்திக்கிட்டு நானும் அதே மூணைத்தான் பாக்குறேன். அவர் பேரு உலகம் பூரா பரவிச்சு. எனக்குப் பொட்டிக்கடையில கடன்கூடத் தர மாட்டேங்குறான்.

அவர் கணக்கு அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை, அதை நான் மறுக்கல. புல்வெளியில 800 மீட்டர் வரைக்கும் பாத்ததை நம்ம கடலோரத்துல 10 கிலோமீட்டருக்கு இழுத்துக்கிட்டு வர்றாங்க பாரு, அங்கதான் எனக்கு இருமல் வருது. கடக்கரையில காத்து ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மனசு மாறும். பொழுது ஏறி மண்ணு காஞ்சதும் கடல்காத்து உள்ள வரும். கடல் மேலேர்ந்து வர்றது குளுந்து அடங்கின காத்து. அது கரை ஏறி, சூடான மண்ணைத் தொட்டதும் அடியிலேர்ந்து கொதிக்க ஆரம்பிக்கும். கடலோரச் சிம்னியோட பொகை மொதல்ல அந்த அடங்கின காத்துல கலையாம நீளமா வரும். உள்ள வர வர, கொதிக்கிற அடுக்கு ஒசந்துக்கிட்டே போயி அதை எட்டிப் பிடிச்சு மொத்தமாத் தரையில எறக்கும். எங்க எறக்கும்னா, கரையிலேர்ந்து சில கிலோமீட்டர் தள்ளி, களத்துல கடலை காய வெச்சுக்கிட்டு இருக்கறவன் தலையில. ஏர்மாடுக்கு இந்தக் கடலோரச் சங்கதி தெரியாது. அதுக்குன்னு வேற மாடலுங்க இருக்கு. நீ அதையெல்லாம் தேடாத. 'பகுதி சமதளமானது'ன்னு ஒரு வரி எழுது. பொய் இல்லையே, சமதளந்தானே?

சிம்னியை ஒசரமாக் கட்டச் சொல்லு. அதுக்குச் சட்டத்துலயே சூத்திரம் இருக்கு: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வருதோ, அதுக்கு 0.3 அடுக்கு போட்டு 14-ஆல பெருக்கினா சிம்னியோட மீட்டர் கணக்கு. 500 மெகாவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள அனல்மின் யூனிட்டுக்கு 275 மீட்டர்னு வெச்சாங்க. ஒசந்தா பொகை கொறையாது, விலாசம் மாறும். அறிக்கையோட உலகம் 10 கிலோமீட்டரோட முடியறதால, அதைத் தாண்டி விழுந்தது தேவலோகத்துல விழுந்த கணக்கு.

அடுத்தது சராசரி. மாப்ளே, இதை மட்டும் நல்லாக் கத்துக்க, உன்னை யாரும் அசைக்க முடியாது. 2009-ல நம்ம நாட்டுல வெச்ச காத்துத் தர அளவுல கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேர சராசரி ஒரு கனமீட்டர் காத்துல 80 மைக்ரோகிராம், வருஷ சராசரி 50. ஒரு மணி நேரத்துக்குன்னு வரம்பு கெடையாது. இப்ப நானே ஒரு எண்ணைக் கற்பனையா வெச்சுக்கறேன். ராத்திரி ஒரு மணி நேரம் 800 அடிக்குது. மிச்சம் 23 மணி நேரம் சாதுவா 20. கூட்டி 24-ஆல வகுத்துப் பாரு, 52.5. சட்டத்துக்கு உள்ள! அந்த ஒரு மணி நேரத்துல ஆஸ்துமாக்காரன் சுருண்டு விழுந்திருப்பான்; அவன் மூச்சுக்குழல் சுருங்கறதுக்குப் பத்து நிமிஷம் தாராளம். உலக சுகாதார நிறுவனம் அதுக்காகத்தான் 10 நிமிஷத்துக்கு 500-க்கு மேல போவக் கூடாதுன்னு சொல்லுது. அமெரிக்காவுல 2010-லேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 196-தான் வரம்பு. நம்ம ஆளு செத்தாலும் 24 மணி நேர சராசரியில பாதி உசுரோடதான் இருப்பான், கவலைப்படாத.

நுண்துகள் கதை இன்னும் சுகம். பி.எம். 2.5-க்கு வருஷ சராசரி 5 போதும்னு 2021-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிச்சு. நம்ம அளவு 40. எட்டு மடங்கு. நம்ம நெஞ்சுக்கூட்டை தேக்குல செஞ்சிருக்காங்கன்னு டெல்லிக்கு யாரோ சொல்லியிருக்காங்க.

ஏற்கெனவே காத்து எப்படி இருக்குன்னு அளக்கணுமே, அதுக்கும் சுளுவான வழி உண்டு. மழைக்காலத்தை விட்டுட்டு ஒரு பருவம் அளந்தாப் போதும்னு 2006-ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்லுது. வாரத்துக்கு ரெண்டு நாள் அளந்தா வழக்கத்துக்குச் சரி. கருவியை வெக்கப் போற தேதி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருந்தா இன்னும் விசேஷம். கூட இன்னொண்ணு: ஒவ்வொரு ஆலையையும் தனித்தனியாக் கணக்குப் போடு. பத்து மருமக இருக்கற வீட்டுல ஒவ்வொருத்தியும் கொழம்புல ஒரே ஒரு சிட்டிகை உப்பு போட்டேன்னு சத்தியம் பண்ணுவா. பத்தும் உண்மை. கொழம்பு மாட்டுக்கும் ஆவாது. ஓடிக்கிட்டு இருக்கற ஆலைங்க எங்க அளவீட்டுலயே வந்துடுமேன்னு நீ சொல்லுவ. வரும், அளந்த அன்னிக்கு அது ஓடியிருந்தா. அனுமதியை வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டு இன்னும் கட்டாம இருக்கானே, அவன் பொகை எந்த அளவீட்டுல வரும்?

இதெல்லாம் காத்துக் கணக்கு. மனுசன் கணக்குக்கு வரலாம். எனக்கு உன் தொழில்ல ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

காத்துல நஞ்சு இவ்ளோன்னு சொல்லிட்டா, மனுசன் உள்ள அவ்ளோ போச்சுன்னு ஆயிடாது. அவன் எந்நேரம் எங்க இருந்தான், எவ்ளோ நேரம் இருந்தான், குந்தியிருந்தானா, மூட்டை தூக்கினானா, இதெல்லாம் சேந்துதான் மூச்சுக்கணக்கு. அமெரிக்காக்காரன் இதுக்கு அருமையா ஒரு வேலை பண்ணினான். 1992-லேர்ந்து 1994 வரைக்கும் 9,386 பேருக்கு போன் போட்டு, நேத்து முழுக்க எங்கெங்க இருந்தீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டான். நூத்துக்கு 87 பங்கு நேரம் கட்டடத்துக்குள்ள, 6 பங்கு வண்டிக்குள்ள. வானத்தைப் பாத்தது மிச்சம் 7. இந்த மாதிரி நாட்குறிப்புங்களை வெச்சு எபெக்ஸ், ஷெட்ஸ்னு மாடல் செஞ்சிருக்காங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஆயிரக்கணக்குல மனுசங்களைப் பெத்துப் போட்டு, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வயசு, ஒரு வீடு, ஒரு நாட்குறிப்பு கொடுத்து உலவ விடுவாங்க. பிரசவச் செலவும் இல்ல, காதுகுத்துச் செலவும் இல்ல. வித்தைன்னா இது வித்தை, நான் கையெடுத்துக் கும்புடுறேன். எங்களுக்குப் படிச்சுக் காட்டின அறிக்கையில அந்த மனுசங்க ஒருத்தரும் இல்ல. அதிகபட்சம் எங்க விழுதுன்னு ஒரு புள்ளி, சுத்தி மஞ்சளும் பச்சையுமா கோலம், அதோட முடிஞ்சுபோச்சு.

நீ மனுசனைப் போடறதா இருந்தா, அந்த 87 பங்கு ஆளைக் கொண்டுவந்து நம்ம ஊருல குடி வெச்சுடாத. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கிட்டு இருக்கறவன் அவன். நம்மாளு வெளிய படுக்கறான், வெளிய குளிக்கிறான், வெளியவே சண்டையும் போடறான். வீட்டுக்குள்ள போனாலும் ஓட்டு எடுக்குல காத்து தாராளமா வரும். உள்ள வெளியன்னு வித்தியாசம் நெலைப்படிக்கு மட்டுந்தான் தெரியும். நாளைக்கு 20 கனமீட்டர் காத்து, 70 கிலோ ஒடம்புன்னு ஒரு சராசரி ஆளை ரொம்ப காலமா வெச்சிருந்தாங்க. நிமிஷத்துக்கு 14 லிட்டர் ஆவுது. சும்மா இருக்கறவனுக்கு ஏழு, எட்டு லிட்டர் போதும். நெல்லு மூட்டையை முதுகுல ஏத்தினவன் 40-க்கு மேல இழுப்பான். அப்ப நாத்து நடற பொம்பள? எடை கொறைச்சல், மூச்சு அதிகம். பள்ளிக்கூடத்து மைதானத்துல ஓடுற புள்ளைக்கு ஒரு கிலோ ஒடம்புக்கு எவ்ளோ காத்துன்னு போட்டுப் பாரு, நம்ம ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுடும்.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பை வெச்சு ஆளைப் போட்டா இன்னொரு கூத்து இருக்கு. அது வீட்டுல படுக்குற ஆளை எண்ணும். நம்ம ஊருல பாதிப் பேரு காலையிலயே சிம்னிக்குக் கீழயே வேலைக்குப் போயிடறான், காண்ட்ராக்ட் கூலியா. அவன் ரெண்டு மூச்சு விடறான், ஒண்ணு ஆலைக்குள்ள, ஒண்ணு வீட்டுல. ஆலைக்குள்ள விடற மூச்சுக்குத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், வெளிய விடற மூச்சுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மூக்கு ஒண்ணுதான், ஆபீசு ரெண்டு.

அடுப்பை மறந்துடாதன்னு சொல்ல வந்தேன். சத்தியமாச் சொல்றேன், வெறகு அடுப்புப் பொகையும் கொஞ்சமா கெடுக்கல. 2016-ல உஜ்வாலா சிலிண்டர் வந்த பிறகும் வெந்நிக்கு வெறகுதான் ஓடுது. உன் அத்தை இருமறதுல அடுப்புக்கும் பங்கு உண்டு, அதைக் கணக்குல சேரு. ஆனா சேத்த பிறகு பாரு, கம்பெனி ஆபீசரு உன் தோளைத் தட்டி, "பாத்தீங்களா சார், எல்லாம் அடுப்புதான்"ம்பார். அவர் வீட்டு அடுப்பைப் பத்தி அவருக்கு இவ்ளோ அக்கறை கெடையாது.

மனுசன் நகர்றதால என்னா ஆவும்னு தெரியணும்னா போபாலைப் படி. 1984 டிசம்பர் 2 ராத்திரி. குளிரு, காத்து மெதுவு. காத்தைவிட ரெண்டு மடங்கு கனமான விஷவாயு ஆலையிலேர்ந்து கசிஞ்சு தரையோட ஊர்ந்து வந்துச்சு. டெல்லி ஐ.ஐ.டி.க்காரங்க 1987-ல அந்த ராத்திரியைக் கம்ப்யூட்டர்ல திரும்ப ஓட்டிப் பாத்து எழுதினாங்க. வாயு மேகம் போன வழி ஒரு கணக்கு. ஜனங்க போன வழி இன்னொரு கணக்கு. தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடினவன் மூச்சு வாங்க வாங்க ஓடினான், நின்னவனைவிட அதிகமா இழுத்தான். எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்ல ஒருத்தரும் இல்ல. இதுல கிண்டல் பண்ண எனக்கு ஒண்ணும் இல்ல, மேல போவோம்.

நம்ம கடலூர்ப் பக்கம் 2004-ல நடந்ததையும் கேட்டுக்க. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுத்தி இருக்கற கிராமத்து ஜனங்க ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்தாங்க. உள்ள ஒரு பை. வாளிக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்தா, பை வாயைத் தொறந்துக்கிட்டு வெளிக்காத்தைக் குடிச்சு உப்பிக்கும். நாத்தம் அடிக்கிற நேரத்துல அதைப் பிடிச்சுக் கலிபோர்னியாவுல இருக்கற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாங்க. புத்துநோய் உண்டாக்குற சரக்குங்களும் அதுல இருந்துச்சு. அதைவிட எனக்குப் பிடிச்சது அவங்க நோட்டு. எந்நேரம், என்னா நாத்தம், எந்தத் தெசைக் காத்துன்னு மோந்து மோந்து எழுதி வெச்சாங்க. 24 மணி நேர சராசரியில மூழ்கிப் போற அந்த ஒரு மணி நேரம் இருக்கு பாரு, அது அந்த நோட்டுல மெதக்கும். வாளி தனியா நின்னா ஒரு சிட்டிகை உண்மைதான், ஒத்துக்கறேன். அதை உன் மாடலோட சேத்து வெச்சா எந்த ஆலைக்காரனுக்குத் தூக்கம் கெடும்னு யோசிச்சுப் பாரு.

எண்ணுக்குப் புள்ளி வெக்கறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அறிக்கையில புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எலக்கம் போட்டிருந்தாங்க. படிக்கச்சொல்லோ எனக்குப் புல்லரிச்சுது. அப்புறம் பேத்தி சொன்னா, மாடல் சொன்னதுல பாதியாவது நெசத்துக்கு ரெண்டு மடங்குக்கும் பாதிக்கும் நடுவுல விழுந்தா நல்ல மாடல்னு ஏத்துக்கறது இந்தத் துறை வழக்கமாம். நெசம் 50-ன்னா 25-லேர்ந்து 100 வரைக்கும் எதைச் சொன்னாலும் பாஸு. அமெரிக்க முகமையோட வழிகாட்டியே, அதிகபட்சம் எவ்ளோன்னு மாடல் ஓரளவு சொல்லும், எந்த எடத்துல எந்நேரம்னு கேட்டா சரியா ஒத்துப்போவாதுன்னு ஒளிக்காம எழுதியிருக்கு. எனக்கு அந்த நேர்மை பிடிச்சிருக்கு. எங்க ஊரு பேரைப் போட்டு 0.43-ன்னு எழுதறவனுக்கு இல்லாத நேர்மை அது. பக்கத்துல "பாதியாவும் இருக்கலாம், ரெட்டிப்பாவும் இருக்கலாம்"னு எழுதினா கூலி கொறையுமா?

மாமன் மாடலே வேணாம்ங்கறான்னு அக்காகிட்ட போயி வத்தி வெக்காத. மாடல் வேணும். ஆலை வர்றதுக்கு முந்தி அதோட பொகையை வாளியில பிடிக்க முடியாது, உன் கம்ப்யூட்டர்தான் பிடிக்கும். வீட்டுக்கு வீடு கருவி வெக்க ஒருத்தன்கிட்டயும் காசு இல்ல. ராத்திரி வந்து போற வாயுவோட வழியைப் பின்னாடியே போயித் தேடிச் சிம்னியைக் காட்டிக் கொடுக்கற வித்தையும் உன்கிட்டதான் இருக்கு. அதனால்தான் கேலி பண்றேன். வேலைக்கு ஆவாதவனை எவன் கேலி பண்ணுவான்?

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முந்தி நோட்டீசு, தமிழ்ல சுருக்கம், கலெக்டரோ அவருக்கு அடுத்த நெலை அதிகாரியோ தலைமை. இதெல்லாம் சட்டத்துல இருக்கு, வரும். நாங்களும் வருவோம். பேத்தி ஒரு நோட்டு போட்டுக்கிட்டு இருக்கா. மேலத்தெரு, கீழத்தெரு, குப்பம் மூணுலயும் வீடு வீடாப் போயி, யாரு எத்தனை மணிக்கு எழுந்திரிக்கறா, எங்க படுக்கறா, எந்நேரம் வயக்காட்டுல, எந்நேரம் ஆலைக்குள்ள, அடுப்பு எது, வீட்டுல மூச்சுக் கஷ்டம் யாருக்குன்னு எழுதிக்கிட்டு வர்றா. மார்கழியில காத்து நின்ன ராத்திரிங்களும் தேதி போட்டு இருக்கு, அதை நான் எழுதினேன், கையெழுத்து கோணலா இருக்கும். கொண்டுபோயி உன் மாடல்ல ஊத்தி ஒரு தரம் ஓட்டிப் பாரு. எண்ணு கொறைஞ்சா எனக்கு போன் போடு, பொங்கலுக்குக் கெடா வெட்டுறேன். கூடிச்சுன்னா எனக்குப் போடாத, கலெக்டருக்குப் போடு.